மியூனிக்கில் முதல் முடிவெட்டு: கேட்ட தங்கைக்கு

நான்கு நாளாகக் கண்ணாடி பார்ப்பதையே தவிர்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மியூனிக் வந்து ஐந்து மாதம். முதல் தடவையாக முடிவெட்டப் போயிருக்கிறீர்கள். இடுப்புவரை இருந்த முடியில் நுனி மட்டும் எடுக்கச் சொன்னதற்குத் தோளுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பலகையில் 48 யூரோ என்று பார்த்துப் போன கடையில் 79 யூரோ வாங்கியும் விட்டார்கள். "நம்மைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார்களா அக்கா, இல்லை என் மேல்தான் தப்பா? இனி ஊருக்குப் போகும்போதுதான் வெட்டிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிதானே, வளர்ந்துவிடும் என்று இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். மறுபடி இடுப்புக்கு வர மூன்று வருடமாவது ஆகும். சின்ன வயதிலிருந்து அம்மா எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட முடி அது. அழுகை வருவது நியாயம்தான்.

அந்தக் கடையில் என்ன மனதோடு செய்தார்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியது வரிக்கு வரி எனக்கு 2012 நவம்பரில் நடந்தது. அன்று எனக்கு வெட்டிவிட்ட பெண்மணி கெட்டவர் இல்லை. உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டி, பவேரியப் பேச்சில் அன்பாகத்தான் நீளநீளமாகக் கேள்வி கேட்டார். எனக்குப் பாதி புரியவில்லை. ஊரில் யாராவது பேசும்போது 'ம்' கொட்டுவோம் இல்லையா, அந்த 'ம்'முக்குப் பதிலாக 'யா, யா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் நான் அதில் ஒன்றும் நினைக்கவில்லை. அவருக்கோ ஒவ்வொரு 'யா'வும் ஒரு சம்மதம். 'ஸ்டூஃபன்?' என்றார், யா என்றேன். ஸ்டெப் கட் விழுந்தது. 'அவுஸ்ட்யூனன்?' என்றார், அதற்கும் யா. சீப்பு மாதிரிப் பல் வைத்த கத்தரியை எடுத்து உள்பக்கமாக வெட்டி அடர்த்தியைக் குறைத்தார். கறுப்புத் துணியில் கறுப்பு முடி விழுந்தால் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? எழுந்து துணியை உதறியபோதுதான் வெள்ளைத் தரையில் பார்த்தேன். இரண்டு கை கொள்ளாது.

கடைசியில் பின்பக்கம் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து, "பாஸ்ட் தஸ் ஸோ?" என்றார். இப்படிச் சரியா என்று கேட்கிறார். நான் சிரித்து, தலையாட்டி, நன்றி சொல்லி, டிப்ஸும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் வந்து பின்னிப் பார்த்தால், கைப்பிடி அளவு இருந்த பின்னல் எலிவாலாகியிருந்தது.

அப்புறம் ஒரு வருடம் கழித்து, கீழ்வீட்டு ஜெர்மன் பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார், "பிடிக்கவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று. பெரியவர்களிடமும் வேலை செய்பவர்களிடமும் முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்தக் கண்ணாடி வரும் நிமிடம் குறை சொல்வதற்கென்றே வைத்த நிமிடம். அதில் சிரித்தால் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் மேல் தப்பு இல்லை, அந்த நிமிடம் எதற்கு என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கே முடிதிருத்தும் தொழிலுக்கு மூன்று வருடப் பயிற்சி உண்டு. கடை நடத்த, பொதுவாக அதற்கு மேல் 'மைஸ்டர்' என்ற கைதேர்ந்த தொழிலாளர் பட்டமும் வேண்டும். ஆனாலும் தினமும் அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் மெல்லிய முடி. நம் முடியின் பாரத்தைப் பார்த்ததும் குறைத்துவிட்டால் இவளுக்குச் சுகமாக இருக்கும் என்று நல்ல எண்ணத்திலேயே அந்தப் பல் கத்தரியை எடுக்கிறவர்கள் உண்டு. உங்களுக்குச் சுருள் வேறு என்கிறீர்கள். ஈரத்தில் இழுத்து வெட்டிய சுருள்முடி காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும். அவர்கள் கணக்கில் மார்புவரை விட்டது உங்கள் கணக்கில் தோளுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலை விஷயம் சின்னது. பலகையில் 48-க்கு முன்னால் 'அப்' என்று ஒரு குட்டி வார்த்தை இருந்திருக்கும். இந்த விலையிலிருந்து ஆரம்பம் என்று அர்த்தம். நீளத்துக்கும் அடர்த்திக்கும் தனி, கழுவி உலர்த்தினால் தனி. உட்காரும் முன்பே மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அதே கடைக்குத் திரும்பிப் போங்கள். இங்கே முடிவெட்டுவதும் சட்டப்படி பொதுவாக, சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துத் தரும் ஒப்பந்தம்தான். கேட்டபடி அமையவில்லை என்றால் சரிசெய்து தரச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அவர்களுக்கும் முதலில் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் 'நாஹ்பெஸ்ஸருங்'. போன நீளம் வராது. ஆனால் இடதுபக்கம் படிபடியாக நிற்கிறது, வலதுபக்கம் நேராக இருக்கிறது என்றீர்களே, அதைக் காசில்லாமல் சமன்செய்து தரச் சொல்லலாம். பகல் வெளிச்சத்தில் பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் தந்த ரசீதும் கையில் இருக்கட்டும். 2020 முதல் எலக்ட்ரானிக் கல்லா வைத்திருக்கும் கடைகள் ரசீது தந்தே ஆக வேண்டும் என்பதால் அது உங்கள் பையில் எங்கேயாவது கிடக்கும். பேசத் தயக்கமாக இருந்தால் எழுதி நீட்டுங்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்கவும் வேண்டாம். நுனி மட்டும் கேட்டேன், இவ்வளவு போய்விட்டது, இந்தப் பக்கம் சமமாக இல்லை. இவ்வளவு போதும்.

ஊருக்குப் போகும்வரை வெட்டாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் அப்படித்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன். நுனியெல்லாம் பிளந்து, கடைசியில் மதுரையில் பாதியை வெட்ட வேண்டியதாயிற்று. இங்கேயே ஒரு கை கிடைக்கும், தேடுங்கள். உங்களைப் போலச் சுருளும் அடர்த்தியும் உள்ள பெண்களைத் தெருவில் பார்த்தால் எங்கே வெட்டிக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். எனக்கு இப்போது வெட்டிவிடும் ஈரானியப் பெண்ணை அப்படித்தான் கண்டுபிடித்தேன். இன்ச் கணக்கு வேண்டாம், சென்டிமீட்டரில் சொல்லுங்கள். "நூர் டீ ஷ்பிட்சன், ட்ஸ்வை சென்டிமீட்டர்" என்றால் நுனி மட்டும், இரண்டு சென்டிமீட்டர். "நிஷ்ட் அவுஸ்ட்யூனன், பிட்டே" என்றால் அடர்த்தியைக் குறைக்காதீர்கள். முதல் கற்றையை வெட்டியதும் கையில் வாங்கிப் பாருங்கள். மருதாணி போடுகிற பழக்கம் இருந்தால், கலர் அடிக்கும் முன்பு கட்டாயம் சொல்லிவிடுங்கள். பாக்கெட் மருதாணி சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், ப்ளீச் பட்டால் முடி பாழாகிவிடும்.

முடி கயிறு மாதிரி விறைப்பாகிவிட்டது என்றீர்களே, அதற்குக் கடைக்காரர் காரணம் இல்லை. மியூனிக் தண்ணீர் மலையடிவாரத்திலிருந்து வருவது, குடிக்க அருமையானது, ஆனால் சுண்ணாம்பு அதிகம். உங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் முடியிலும் படிகிறது. கடைசியாக அலசும்போது ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்பிள் வினிகர் விட்டு ஊற்றிப் பாருங்கள்.

நாளைக்கே கிளம்பிவிடாதீர்கள். திங்கட்கிழமை இங்கே நிறைய முடிவெட்டும் கடைகளுக்கு விடுமுறை. செவ்வாய் காலை, கூட்டம் வருவதற்கு முன் போங்கள். ஜெர்மன் பேசத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், எனக்குச் செவ்வாய் மதியம்தான் வேலை.