காட்டு மரங்கள் நுனியிலிருந்து கருகிச் சாவதற்குப் பூஞ்சைதான் காரணமா? மருந்து தெளித்துக் காப்பாற்ற முடியாதா?

கேட்டவர் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். உச்சிக் கிளைகள் காய்ந்து, கருகல் மெல்லக் கீழிறங்கி, ஒரு கட்டத்தில் மரமே பட்டுப்போவதற்குப் பூஞ்சைதான் காரணமா என்பது முதலாவது. அப்படியானால் பூஞ்சைக்கொல்லி தெளித்தால் என்ன என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு விடை எளிது: காட்டில் அது நடக்காது. முதலாவதற்குச் சற்று நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பட்ட மரத்தில் பூஞ்சை இருப்பதும், பூஞ்சையால் மரம் பட்டுப்போவதும் ஒன்றல்ல.

நுனிக்கருகல் என்பது ஓர் அறிகுறி. அதுவே ஒரு தனி நோய் ஆகிவிடாது. வேர் உறிஞ்சித் தரும் நீர் குறைந்தால், வேருக்கு வெகுதொலைவில் இருக்கும் உச்சிக் கிளைக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். அந்தக் குறைவு வறட்சியால் வந்ததா, வேரடியில் நீர் தேங்கியதால் வந்ததா, மண் இறுகியதால் வந்ததா, வேரழுகலால் வந்ததா என்பதை மேலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. அமெரிக்க மரநோயியலாளர் பால் மேனியன் 1981இல் வெளியான தம் பாடநூலில் இந்தச் சரிவை மூன்று படிகளாக விளக்கினார். மண்வளக் குறைவு, முதுமை போன்ற நீண்டகாலப் பலவீனங்கள் முதற்படி. கடும் வறட்சி, உறைபனி, இலையை மொட்டையடிக்கும் புழுக்கள் போன்ற திடீர் அடிகள் இரண்டாம் படி. இவற்றால் தளர்ந்துபோன மரத்தில் வந்து ஏறும் பட்டைப் பூஞ்சைகளும் துளைப்பான் வண்டுகளும் மூன்றாம் படி. நம் கண்ணில் படுவது மூன்றாம் படியில் வருபவர்தான் என்பதால் பழி முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

ஆகவே இப்படி ஒரு மரத்தைப் பார்க்க நேர்ந்தால், உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே அடிமரத்துக்கு வந்துவிடுவேன். மண்ணை ஒட்டிய இடத்தில் தளர்ந்திருக்கும் பட்டையைக் கத்தியால் நெம்பும்போது, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைப் படலம் விசிறியாக விரிந்திருந்து, காளான் வாசனையும் தூக்கலாக அடித்தால், அது பெரும்பாலும் ஆர்மில்லாரியா என்ற வேரழுகல் பூஞ்சையாகத்தான் இருக்கும். சற்றுத் தோண்டினால், கருத்த, கிளைவிட்ட இழைக்கற்றைகள் வேர்களை ஒட்டி ஓடுவதையும் பார்க்கலாம். அவற்றின் வழியாகத்தான் அது ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மண்ணுக்குள்ளாகவே போய்ச் சேருகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள மால்ஹர் தேசியக் காட்டில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு பூஞ்சை 9 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருப்பதும், அதன் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என மதிப்பிடப்படுவதும் பலரும் கேள்விப்பட்ட செய்தி. அங்கங்கே மரங்கள் திட்டுத்திட்டாகச் சாகின்றன. ஆனாலும் அதன்மேல் காடு நின்றுகொண்டுதான் இருக்கிறது. நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்த பூஞ்சையும் மரமும் ஒன்றையொன்று அடியோடு அழிப்பது அரிது.

ஐரோப்பிய ஆஷ் மரத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1990களின் தொடக்கத்தில் போலந்தில் ஆஷ் மரங்கள் பெருமளவில் கருகத் தொடங்கின. அதற்குக் காரணமான பூஞ்சைக்குப் பெயர் சூட்டவே 2006 ஆகிவிட்டது. 2012இல் அது பிரிட்டனிலும் கண்டறியப்பட்டது. ஹைமெனோசைஃபஸ் ஃபிராக்சினியஸ் என்பது அதன் இன்றைய பெயர். உதிர்ந்து தரையில் கிடக்கும் ஆஷ் இலையின் நடுக்காம்பு கறுத்துப்போயிருக்கும். மறு கோடையில் அந்தக் காம்பின்மேல் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வெள்ளை நிறக் கிண்ணக் காளான்கள் முளைத்து, ஸ்போர்கள் எனப்படும் விதை போன்ற நுண்துகள்களைக் காற்றில் விடுகின்றன. இலையில் வந்து விழும் ஸ்போர் முளைத்து, காம்பு வழியே தண்டுக்குள் இறங்கி, பட்டையில் சாய்சதுர வடிவில் ஒரு புண்ணை உண்டாக்குகிறது. புண் கிளையை முழுவதுமாகச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் காய்ந்துவிடும். மரமும் சும்மா இருப்பதில்லை. கீழ்க்கிளைகளிலும் தண்டிலும் புதுத் துளிர்களைக் கொத்தாக விட்டுப் பார்க்கும். இளமரங்கள் சீக்கிரமே போய்விடுகின்றன. முதிர்ந்தவை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்து நிற்கையில், பல சமயம் கடைசி அடியைக் கொடுப்பது அடிமரத்தில் புகும் ஆர்மில்லாரியாதான்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. அதே ஆஷ் இலைக்காம்பில், ஏறக்குறைய அதே தோற்றத்தில், ஹைமெனோசைஃபஸ் ஆல்பிடஸ் என்ற ஐரோப்பியப் பூஞ்சை நெடுங்காலமாக மட்கும் இலையைத் தின்று, எவருக்கும் தொல்லை தராமல் வாழ்ந்து வந்தது. முதலில் ஆய்வாளர்கள்கூட அதையே குற்றவாளி என்று எண்ணி, பிறகுதான் மரபணுவைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிந்தார்கள். கொல்லும் இனம் கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அங்கே உள்ள மஞ்சூரிய ஆஷ் மரத்தில் அதுவும் ஒரு சாதுவான இலைப் பூஞ்சையே. ஆகவே எது கொடிய பூஞ்சை என்பதைப் பூஞ்சையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அது எந்த மரத்தைச் சந்திக்கிறது, அந்த மரத்துக்கு அது பழக்கமா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்ம் மரங்களின் வாடல் நோயும் வந்தேறிப் பூஞ்சையின் வேலைதான். ஆனால் அது வண்டின்மேல் ஏறிப் பயணிக்கிறது. நோயுற்ற எல்மின் பட்டைக்கடியில் வளர்ந்து வெளிவரும் பட்டை வண்டுகள், உடலில் ஒட்டிய ஸ்போர்களோடு நல்ல மரத்தின் இளங்கிளைக் கவட்டில் போய்ப் பட்டையைக் கொறிக்கின்றன. உள்ளே நுழைந்த பூஞ்சை பரவாமல் இருக்க மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பே கிளைக்கு நீர் போகாமல் செய்து வாட்டத்தைக் கூட்டிவிடுகிறது. வாடிய சிறு கிளையைக் குறுக்காக வெட்டினால், வெளிவளையத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். 1960களின் பிற்பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்த பட்டை சீவாத எல்ம் கட்டைகளோடு இதன் கொடிய வகை பிரிட்டனுக்குள் நுழைந்து, 2 கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்றது.

1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குப் பூங்காவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட செஸ்ட்நட் பட்டைக்கருகலும் இதே வகை; அமெரிக்க செஸ்ட்நட்டைக் காட்டின் பெருமரம் என்ற நிலையிலிருந்தே அது இறக்கிவிட்டது. ஓக் மரங்களின் திடீர்ச் சாவுக்குக் காரணமான ஃபைட்டோஃப்தோராவைப் பலரும் பூஞ்சைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது பூஞ்சையே அன்று, பாசிகளுக்கு உறவான, நீர்ப்பூசணம் எனப்படும் வேறோர் உயிர். ஈரமண்ணில் நீந்திப் போகும் ஸ்போர்களைக் கொண்டது என்பதால், சேறு ஒட்டிய காலணியும் வண்டிச் சக்கரமுமே அதைப் பரப்பப் போதும்.

இனி மருந்து. தனியாக நிற்கும் மதிப்புமிக்க ஓர் எல்ம் மரத்துக்குப் பூஞ்சைக்கொல்லியைத் தண்டில் ஊசி வழியாகச் செலுத்திக் காப்பாற்றுவது உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்தாக வேண்டும். காட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அப்படியே வானிலிருந்து தெளித்தாலும், பட்டைக்குள்ளும் வேருக்குள்ளும் இருக்கும் பூஞ்சையை அது தொடாது. மரங்களுக்கு நீரும் சத்தும் தேடித் தரும் வேர்ப்பூஞ்சைகளுக்குத்தான் கேடு. பலன் தந்த வழிகள் இதைவிடச் சிறியவை. ஊசியிலைக் காடுகளில் ஹெட்டிரோபேசிடியான் என்ற வேரழுகல் பூஞ்சை, புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் முகத்தில் இறங்கி, வேர் தொட்டு வேராகப் பக்கத்து மரங்களுக்குப் போகும். வெட்டிய கையோடு அந்த முகத்தில் யூரியாக் கரைசலையோ ஃபிளெபியோப்சிஸ் என்ற போட்டிப் பூஞ்சையையோ பூசிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. ஐரோப்பிய செஸ்ட்நட் காடுகளில், நோய்ப் பூஞ்சையையே நோயாளியாக்கும் ஒரு வைரஸ் பரவியதால் பல இடங்களில் புண்கள் ஆறி மரங்கள் பிழைத்தன.

இந்த நோய்கள் புதிய நாட்டுக்குள் நுழையும் வாயில்களில் எல்லாவற்றையும்விடப் பெரியது வணிகம்தான். மரப்பெட்டிகளும் பலகைத் தட்டுகளும் நாடு விட்டு நாடு போகும்முன், கட்டையின் உள்மையம்வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற வேண்டும் என்பது பன்னாட்டு விதிகள் ஏற்கும் முறைகளுள் ஒன்று. உயிருள்ள நாற்றை மண்ணோடு அனுப்பினால் அப்படிச் சூடேற்ற முடியாது என்பதால், எனக்கு நாற்று வணிகத்தின்மேல்தான் அதிக அச்சம்.

கருகல் பரவிவிட்ட காட்டில், பாதையோரம் முறிந்து விழக்கூடிய மரங்களை அகற்றுவதில் தவறில்லை. நோயுற்ற ஆஷ் கட்டை எளிதில் நொறுங்கும் என்பதால் அதன்மேல் ஆள் ஏறுவதே ஆபத்து. ஆனால் நோய் வருமுன் விற்றுவிடலாம் என்று நல்ல மரங்களையும் சேர்த்து வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சுற்றிலும் எல்லாம் கருகிய இடத்தில் ஆண்டுதோறும் நிறைந்த தழையோடு நிற்கும் ஒரு சில ஆஷ் மரங்களிடம் தாங்குதிறன் இருக்க வாய்ப்புண்டு. அது ஓரளவு வழிவழியாக வருவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அடுத்த தலைமுறைக்கான விதையை அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.