டீச்சரிடம் கேளுங்கள்: மேட்டுத் தேயிலை தப்பியது ஏன்?

கேள்வி: டீச்சர், ஜனவரி உறைபனியில் எங்கள் தோட்டத்தில் பள்ளத்து வரிசைத் தேயிலை முழுவதும் கருகிவிட்டது. மேட்டு வரிசை தப்பியது. எதிரே உள்ள புல்வெளியும் காய்ந்துபோனது, ஆனால் மழை வந்தால் துளிர்த்துவிடும். சோலைக்குள் ஓர் இலைகூட வாடவில்லை. ஒரே குளிர்தானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?
— வாசகர், மஞ்சூர்

ஒரே குளிர் இல்லை, அதுதான் விஷயம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் மேட்டு வரிசை தப்பியது அதனால்தான். உரத்திலோ கவாத்திலோ குறை தேட வேண்டாம்.

தேங்கிய குளிரில், இலைக்குள் செல்களுக்கு இடையே இருக்கும் நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்ள, செல் வற்றிச் சாகிறது. காலையில் சுள்ளென்று வெயிலும் அடித்தால் கேட்கவே வேண்டாம். ஊட்டிப் பூங்காவில் மாலையானால் நாற்றுகளை மிலார்ச் செடியால் மூடிவைப்பது தரைச்சூடு வானத்துக்கு ஓடிவிடாமல் தடுக்கத்தான்.

சோலைக்கு அந்த மூடாக்கைப் போட ஆள் தேவையில்லை. நெருங்கி நிற்கும் மரங்களின் தலைகளே கூரை. அதே சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தால், முதல் உறைபனியைத் தாண்டுவதே அரிது. நம் மலையில் சோலை ஒரு கோட்டில் நின்றுவிட, அதற்கப்பால் புல் மட்டும் இருப்பதற்கு இது பெரிய காரணம். காட்டுத்தீயும் மேய்ச்சலும் மற்றவை. புல்லுக்கோ வளரும் குருத்து அடியில், தூருக்குள் இருக்கிறது. மேலே தாள் செத்தாலும் அந்தச் செத்த தாளே குருத்துக்குப் போர்வை. தேயிலை கதை வேறு. கொழுந்தை உச்சியில் நீட்டிக்கொண்டு நிற்பது அதன் இயல்பு. நாம் விரும்பி வளர்ப்பதும் அந்த உச்சியைத்தான். அது நீலகிரிக்கு வந்து இன்னும் 200 ஆண்டுகூட ஆகவில்லை.

புல்வெளி நடுவே தனியாக நிற்கும் மரம் ஒன்று உண்டு: காட்டுப்பூவரசு. அவலாஞ்சி பக்கம் போனால் சிவப்புப் பூவோடு பார்க்கலாம். தடித்த பட்டை, தோல் போன்ற இலை, இலையின் அடியில் கம்பளி மாதிரி அடர்ந்த மயிர். பனியையும் தீயையும் தாங்கும். ஆனால் "தன்னைக் காத்துக்கொள்ள மரம் பட்டையைத் தடிமனாக்கியது" என்று விடைத்தாளில் எழுதியவர்களுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. மரம் எதையும் திட்டமிடவில்லை. பட்டை மெலிந்தவை செத்தன, தடித்தவை விதை போட்டன. எத்தனையோ தலைமுறையாக இதுவே நடந்தது.

கேள்வி: எங்கள் வீட்டு வேலியில் இரவெல்லாம் ஒரு குட்டித் தவளை "டிக் டிக்" என்று கத்துகிறது. பக்கத்தில் குளமோ ஓடையோ இல்லை. அதன் தலைப்பிரட்டைகள் எங்கே இருக்கும் டீச்சர்?
— ஏழாம் வகுப்பு மாணவன், கோத்தகிரி

எங்கேயும் இருக்காது தம்பி! அது புதர்த்தவளை. ஈரச் சருகிலோ பாசியிலோ இலையிலோ முட்டையிடும். தலைப்பிரட்டையாக நீந்தித் திரியும் பருவத்தை அந்தக் குஞ்சு முட்டைக்குள்ளேயே முடித்துவிட்டு, நான்கு காலோடு முழுத் தவளையாக வெளியே வரும். மலைச்சரிவில் தேங்கிய தண்ணீர் குறைவு, ஓடையோ அடித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் தண்ணீரே தேவைப்படாத குஞ்சு பிழைக்கும். விலையும் கொடுக்கிறது: குளத்துத் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும், இது சில பத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்த முட்டைக்கு ஓடு கிடையாது, மூடுபனியின் ஈரம் குறைந்தால் காய்ந்துபோகும். வேலியடிச் சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

கேள்வி: என் வீட்டு ஹைட்ரேஞ்சியா எப்போதும் நீலமாகப் பூக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகு, சுவரோரச் செடி மட்டும் ரோஜா நிறத்தில் பூக்கிறது. செடிக்கு நோயா?
— வாசகி, குன்னூர்

நோய் இல்லை, சுண்ணாம்புதான். நம் மலை மண் அமிலத்தன்மை உள்ளது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்குப் போகும். நீலம் அதனால் வருகிறது. சுண்ணாம்பு கலந்தால் அமிலம் குறையும், அலுமினியம் மண்ணிலேயே தங்கிவிடும், பூ ரோஜாவாகும். இதில் பிழைப்பதற்கான சாமர்த்தியம் எதுவும் இல்லை. சூழலுக்கு ஏற்ப மாறுவதெல்லாம் தற்காப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சிலது வெறும் வேதியியல்.

கேள்வி: காட்டுமாடுகள் இப்போது பகலிலேயே தெருவில் நடக்கின்றன. மனிதரோடு வாழத் தகவமைந்துவிட்டனவா?
— வாசகர், குன்னூர்

பழகிவிட்டன, அவ்வளவுதான். ஒரு மாடு தன் ஆயுளில் கற்றுக்கொள்வது வேறு, உடம்போடு பிறக்கும் குணம் வேறு. பழகிய மாடும் மிரளும். அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கும் விருந்தினர்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போங்கள்.

கேள்வி: குறிஞ்சி மறுபடி எப்போது?
— பலர், பெரும்பாலும் கொடைக்கானலிலிருந்து

2018இல் பூத்த சரிவுகளில் 2030இல். நடுவில் "குறிஞ்சி பூத்தது" என்று வரும் செய்திகளில் பல, அதன் உறவுச் செடிகளைப் பற்றியவை. அவற்றில் ஆண்டுதோறும் பூப்பதும் உண்டு. நீலக்குறிஞ்சி ஒரே நேரத்தில் பூத்து, விதையிட்டு, செத்துப்போகும். விதை தின்னும் எலியும் பறவையும் பூச்சியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை கொட்டுவதால் மிச்சம் முளைக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் முக்கிய விளக்கம். 2018 விதைகளின் பிள்ளைகள் இப்போது சரிவில் பூவில்லாத பச்சைப் புதர்களாக நிற்கின்றன. களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.