கணினி கேள்வி–பதில்: சி டிரைவில் காணாமல் போன 87 ஜிபி

கேள்வி: என் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11. முதலில் அண்ணன் வைத்திருந்தது. அவர் வேலைக்குப் போனதும் எனக்கென்று தனியாக ஒரு அக்கவுன்ட் போட்டுக் கொடுத்தார். இப்போது சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. 238 ஜிபியில் 226 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் சி டிரைவைத் திறந்து, எல்லா ஃபோல்டர்களையும் மொத்தமாகத் தேர்வு செய்து புராபர்ட்டீஸ் பார்த்தால் 139 ஜிபிதான் வருகிறது. மீதி 87 ஜிபி எங்கே? புத்தூர் கடையில் ஃபார்மெட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார்கள்.
— வாசகர், நகரி

பதில்: ஃபார்மெட் வேண்டாம். கணக்கு ஏன் உதைக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

256 ஜிபி 238 ஆனதில் எதுவும் தொலையவில்லை. எஸ்எஸ்டி தயாரிப்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சம் பைட் சேர்ந்தால்தான் ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

87 ஜிபிதான் உண்மையான கேள்வி. எல்லாவற்றையும் தேர்வு செய்து புராபர்ட்டீஸ் பார்க்கும்போது மூன்று வகை இடங்கள் கணக்கில் வராது. ஒன்று, சி டிரைவின் முகப்பில் மறைந்திருப்பவை: புரோகிராம்டேட்டா ஃபோல்டர், பேஜ்ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்), ஹைபர்ஃபில் (ஹைபர்னேட் ஆகும்போது திறந்திருக்கும் வேலையை எழுதிவைக்கும் ஃபைல்) போன்றவை. கண்ணில் படாததால் தேர்விலும் சேராது. இரண்டு, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டர். ரீஸ்டோர் பாயின்ட்டுகள், அதாவது கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவுகள், இங்கேதான் சேர்கின்றன. மூன்று, உங்கள் அக்கவுன்ட்டுக்குத் திறக்க அனுமதி இல்லாத ஃபோல்டர்கள். அனுமதி இல்லாததை விண்டோஸ் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டல் போடும். 'இதை எண்ணவில்லை' என்று சொல்லாது. உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் இந்த மூன்றாவதன் மேல்தான். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அண்ணனின் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் தட்டிப் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் அதற்குள் இருக்கும் படம், வீடியோ, டவுன்லோடு எதுவும் உங்கள் 139-இல் இல்லை.

ஊகத்தோடு நிற்காமல் உறுதி செய்துகொள்ள விஸ்ட்ரீ என்ற மென்பொருள் போதும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டால் அதுவும் உங்களைப் போலவே குறைத்துத்தான் எண்ணும். பாஸ்வேர்டு கேட்டால் அண்ணனுடையதைப் போட வேண்டியிருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் டிரைவின் கோப்பு அட்டவணையையே நேராகப் படிக்கும்; சில விநாடிகளில் பெரியது முதல் சிறியது வரை வரிசை வந்துவிடும். பார்ப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளிருந்தே எதையும் டெலீட் செய்யாதீர்கள்.

அண்ணனின் ஃபோல்டர்தான் காரணம் என்றால், எக்ஸ்புளோரரில் அதை அப்படியே அழிப்பது தவறு. ஃபோல்டர் போகும், அக்கவுன்ட்டின் பதிவு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) நிற்கும். அதன் பிறகு அண்ணன் உள்ளே வந்தால் விண்டோஸ் ஒரு தற்காலிக புரொஃபைலைத்தான் கொடுக்கும். முறையான வழி: அவருக்கு வேண்டியவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். உங்கள் அக்கவுன்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டர் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் அவருடைய அக்கவுன்ட்டுக்கு 'ரிமூவ்' கொடுங்கள். அவருடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதோடு போகும்.

இதற்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ, முதலில் லாகின் செய்தவரின் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அண்ணனிடம் அந்த எண்ணைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பயோஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் அந்தக் கீயைக் கேட்டால், அது இல்லாமல் ஒரு ஃபைலைக்கூட மீட்க முடியாது.

அடுத்தது ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடுங்கள். வரும் பெட்டியில் சி டிரைவைத் தொட்டு 'கான்ஃபிகர்' அழுத்தினால் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே உள்ள ஸ்லைடரை 5 சதவீதத்தில் நிறுத்துங்கள். உங்கள் டிரைவுக்கு அது சுமார் 12 ஜிபி, தாராளம். முழுவதுமாக அணைத்துவிட வேண்டாம். ஒரு டிரைவர் அப்டேட் சொதப்பினால் பின்னால் போக அதுதான் வழி.

சமீபத்தில் பெரிய அப்டேட் ஏதாவது ஏறியிருந்தால் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டரும் இருக்கலாம். பழைய விண்டோஸ் முழுவதும் அதில் கிடக்கும். 10 நாள் கழித்து விண்டோஸே அழித்துவிடும். அவசரமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை டிக் செய்து நீக்குங்கள். நீக்கிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

ஹைபர்ஃபில் பெரும்பாலும் ரேமில் 40 சதவீதம் இருக்கும். 8 ஜிபிக்கு சுமார் 3.2 ஜிபி. அதை அணைத்து இடம் பிடிக்கச் சொல்லிப் பல வீடியோக்கள் வருகின்றன. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் அதை நாங்கள் சொல்ல மாட்டோம். பேட்டரி தீரும் தறுவாயில் திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துக் காப்பாற்றுவது அந்த ஃபைல்தான். பேஜ்ஃபைலையும் தொடாதீர்கள், 8 ஜிபி ரேமில் அது இல்லாவிட்டால் பிரவுசர் பாதியில் மூடிக்கொள்ளும்.

கேள்வி: விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று 14 ஜிபி காட்டுகிறது. அழிக்கலாமா?
— வாசகி, குமுளி

பதில்: கூடாது. விண்டோஸின் பாகங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஒரே ஃபைலுக்கு வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் ஒரு முகவரி, சிஸ்டம்32-இல் இன்னொரு முகவரி இருக்கும். எக்ஸ்புளோரர் இரண்டு இடத்திலும் எண்ணுவதால்தான் அத்தனை பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் பிடித்திருக்கும் இடம் அதைவிடக் குறைவு. பழைய அப்டேட் மிச்சங்களை மட்டும் எடுக்க 'டிஸ்க் கிளீனப்' திறந்து, 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதை டிக் செய்யுங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் மூடாதீர்கள். ஓகே கொடுக்கும் முன் பட்டியல் முழுவதையும் ஒருமுறை பாருங்கள். விண்டோஸ் 10-இன் சில பதிப்புகளில் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஃபுட்டேஜ் எல்லாம் வெளி டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முகூர்த்த சீசன் முடிந்ததும் சி டிரைவ் நிரம்பிவிடுகிறது.
— வாசகர், களியக்காவிளை

பதில்: பிரீமியர் புரோவில் வேலை செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். ஃபுட்டேஜ் எங்கே இருந்தாலும், அதன் ஆடியோவைப் பிரித்து எழுதும் கேஷ் ஃபைல்கள் (வேலை வேகமாக நடக்க மென்பொருள் உருவாக்கும் தற்காலிக ஃபைல்கள்) சி டிரைவில்தான் விழும். மூன்று கேமராவில் முழு நாள் எடுத்த கல்யாணத்துக்கு அது எவ்வளவு பெருகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடிட், பிரிஃபரன்சஸ், மீடியா கேஷ் போனால் 'டெலீட்' பட்டன் இருக்கிறது. பிராஜெக்ட் எதையும் திறக்காமல் அதை அழுத்துங்கள். எடிட்டிங்குக்கு எந்தப் பாதிப்பும் இல்லை; பழைய பிராஜெக்ட்டைத் திரும்பத் திறக்கும்போது கேஷ் மறுபடி உருவாக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அதே பக்கத்தில் குறிப்பிட்ட நாளுக்கு மேற்பட்டதைத் தானாக நீக்கும் வசதியும் உண்டு. 30 நாள் வைத்துக்கொள்ளுங்கள். கேஷின் இடத்தை மாற்றுவதானால் வெளி எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் டைம்லைன் திக்கும். ஆட்டோ சேவ் என்ற ஃபோல்டர் கேஷ் அல்ல, அதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தமிழ் மீடியம் பள்ளிக்குக் கொடுத்த லேப்டாப்பில் கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வருகிறது. பிள்ளைகளின் வீடியோக்களை அழித்தும் இடம் கூடவில்லை.
— ஆசிரியை, மறையூர்

பதில்: அழித்தவை குப்பைத்தொட்டியில் இருக்கும், முதலில் அதைக் காலி செய்யுங்கள், டீச்சர். பென் டிரைவிலிருந்து அழித்தது அந்தப் பென் டிரைவிலேயே மறைந்த குப்பை ஃபோல்டராக இருக்கும். ஃபைல்ஸ் ஜன்னலில் கண்ட்ரோல், எச் அழுத்தினால் தெரியும்.

அப்போதும் கூடவில்லை என்றால், 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் ரூட் (சிஸ்டம் இருக்கும் இடம்), ஹோம் (உங்கள் ஃபைல்கள் இருக்கும் இடம்) இரண்டும் தனித்தனிப் பார்ட்டிஷனா, அதாவது டிஸ்க்கில் தனித்தனியாகப் பிரித்த பகுதிகளா என்று பாருங்கள். தனித்தனி என்றால் நிரம்பியது ரூட். நீங்கள் அழித்தது ஹோமில். ஹோமில் எவ்வளவு அழித்தாலும் ரூட்டில் ஒரு எம்பி இடம்கூட அதிகமாகாது. ரூட்டை நிரப்புவது பெரும்பாலும் பழைய கெர்னல்களும் (லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள்) லாக் ஃபைல்களும் (சிஸ்டம் எழுதும் நடப்புக் குறிப்புகள்) தான். டெர்மினலில் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளை கொடுத்தால் தேவையற்ற கெர்னல்கள் போய்விடும். இப்போது ஓடுவதை அது தொடாது. எவை நீங்கப்போகின்றன என்று பட்டியல் காட்டிக் கேட்கும். படித்துவிட்டு ஒய் அழுத்துங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அழித்த வீடியோவை ஏதாவது ஒரு பிளேயர் திறந்தே வைத்திருந்தால், பெயர் மறைந்தாலும் இடம் திரும்பாது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் திரும்பிவிடும். கணக்கு அப்போதும் 5 சதவீதம் குறைகிறதென்றால் கவலை வேண்டாம். டிஸ்க் முழுதாக நிரம்பினாலும் சிஸ்டம் ஓடுவதற்காக லினக்ஸ் ஒதுக்கி வைக்கும் பங்கு அது.