தோழனாக யார் நிற்பது?

கேள்வி: என் தம்பி உயர்தரம் உயிரியல் பிரிவில் மூன்று தடவையும் சரிவராமல், இப்போது கோண்டாவிலில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறான். வீட்டில் மற்ற எல்லோரும் படித்தவர்கள். வேறு ஏதாவது படி என்றால் கேட்கிறானில்லை. வருகிற தையில் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளைத் தோழனாக நிற்கக் கனடாவிலிருந்து பெரியப்பாவின் மகன் வருகிறார், அங்கே எஞ்சினியர். தம்பியும் ஒன்றும் சொல்லவில்லை. இவனை எப்படித் திருத்துவது?

பதில்: தங்கச்சி, தம்பியைத் திருத்த வழி கேட்டு எத்தனையோ அக்காமார் எழுதிவிட்டார்கள். அதை விடுங்கள். தோழன் விசயத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறீர்களே, எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

கூடப்பிறந்தவன் வீட்டில் இருக்கிறான். தோழன் கனடாவிலிருந்து வருகிறாரா? வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்குக் கூட்டி வருவதும், பொரி இடும்போது உங்கள் கையில் நெற்பொரியை அள்ளிப் போடுவதும் பெண்ணின் சகோதரனுக்கு உரியவை. அந்த உரிமையை அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதுகிறீர்கள். என்னத்தைச் சொல்வான்? முதல் தடவை பெறுபேறு வந்த நாளிலிருந்து படிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது அவனோடு இருந்து கதைத்தீர்களா? இல்லை என்றுதான் பதில் வரும் என்று தெரிந்த பிள்ளை வாய் திறக்காது.

மூன்றாம் தடவையோடு கம்பஸ் வாசல் பூட்டிவிடும். அதற்குப் பிறகு மூலையில் படுக்காமல் தொழில் பழகிக் கடை போட்டிருக்கிறான், அவனில் திருத்த என்ன இருக்கிறது? 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட வைத்தவர்கள் இந்த ஊர் மெக்கானிக்மார். அந்தக் கைகளை நம்பித்தான் அன்றைக்கு நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனோம். அதே தொழிலைத்தான் உங்கள் வீட்டில் குறைச்சலாகப் பார்க்கிறீர்கள்.

பெரியப்பா வீட்டுக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கள், அம்மாவின் தலையில் கட்டாதீர்கள். கோபித்தால் கோபிக்கட்டும். அப்புறம் கராஜுக்குப் போய், நீதான் எனக்குத் தோழன் என்று தம்பியிடம் சொல்லுங்கள். முதலில் வேண்டாம் என்பான். திரும்பவும் கேளுங்கள், அடுத்த நாளும் போய்க் கேளுங்கள். கால் கழுவிய தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடும்போது, தம்பியின் விரலில் கிறீஸ் கறை இருந்தால் இருக்கட்டும்.