மேடைக்கு வராத மாணவி

கேள்வி: எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தின் செயலாளர் நான். ஐந்து வருடமாக உறுப்பினர்களிடம் சிறுகச் சிறுக வசூலித்து, கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுத்து வருகிறோம். பத்துப் பேருக்குச் சமமாகப் பிரித்து, ஆண்டு விழா மேடையில் பெரிய அட்டைக் காசோலையாகக் கொடுப்பது வழக்கம். இந்த வருடம் பட்டியலில் முதலில் இருந்த பெண் விழாவுக்கே வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. "வாங்கிக்கொள்ளக்கூட வராதவளுக்கு எதற்குப் பணம்? அடுத்த ஆளுக்குக் கொடுங்கள்" என்கிறார் பொருளாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவள் பெயர் எழுதிய அட்டை இன்னும் அலுவலக அறையில் சுவரோரம் நிற்கிறது. அதோடு, மதிப்பெண்ணைப் பார்ப்பதா கஷ்டத்தைப் பார்ப்பதா என்று ஒவ்வொரு வருடமும் குழுவில் சண்டை. இதற்கு நடுவில் ஒருவர், தன் அப்பா பெயரில் தனியாக ஒரு தொகை தருகிறேன், ஆனால் நான் சொல்லும் பாடம் படிக்கிறவர்களுக்குத்தான் என்கிறார். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: முதலில் பணத்தை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த வாரமே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். உங்கள் குழு உட்கார்ந்து பார்த்து, அவளுக்குத் தேவை இருக்கிறது என்று முடிவுசெய்து, பட்டியலில் முதல் ஆளாக வைத்த நிமிடமே அந்தத் தொகை அவளுடையதாகிவிட்டது. விழாவுக்கு வர வேண்டும் என்று விண்ணப்பத்தில் நிபந்தனை இருந்ததா? இல்லையென்றால் இப்போது புதிதாகச் சேர்க்க முடியாது. இருந்தது என்றால், அது ஏன் அங்கே இருந்தது என்று குழுவில் ஒருவர் விளக்கட்டும். கேட்க எனக்கும் ஆவல்தான்.

பொருளாளரின் கோபம் புரியாமல் இல்லை. படியேறி இறங்கி, ரசீதுப் புத்தகத்தோடு கதவு கதவாகத் தட்டியவர் அவராகத்தான் இருப்பார். அவருக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது, காரணம் சொல்கிறேன்.

நான் படித்த காலத்தில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "உதவித்தொகை வாங்குற பசங்க எல்லாம் ஆபீசுக்கு வாங்க." கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு அது பத்தோடு பதினொன்றாக ஒரு வேலை. மூன்று பேர் எழுந்து போவார்கள். நான்காவது ஆள் நான். பேனாவைக் கீழே போட்டுவிட்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருப்பேன், அந்த மூவரும் வராந்தா திரும்பும் வரை. அப்புறம் இடைவேளையில் வேறு ஏதோ வேலையாகப் போவதுபோலப் போய்க் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை நான் போவதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். அந்த ஒரு தவணைக்காக இரண்டு மாதம் அலைந்தேன். பணம் வேண்டாம் என்பதாலா பேனாவைத் தேடினேன்? அந்த வகுப்பிலேயே அது அதிகம் தேவைப்பட்ட ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

உங்கள் மேடையை அவள் இடத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் அவளோடு படிக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அவள் அம்மா வேலை பார்க்கும் வீட்டுக்காரர்கள்கூட இருக்கலாம். ஆளுயர அட்டையில் அவள் பெயர், பக்கத்தில் தொகை. அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும், போட்டோ எடுத்து முடியும் வரை. அந்தப் போட்டோ அன்று ராத்திரியே எத்தனை போனுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கு அவள் வேலைக்குச் சேரும் இடத்தில் யாரோ ஒருவர் அவள் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்பதும் அதுவாகவே இருக்கலாம்.

சில பிள்ளைகளுக்கு மேடை பிடிக்கும், உண்மைதான். "அப்படியானால் விருப்பம் கேட்டுவிடுகிறோம், படிவத்தில் ஒரு கட்டம் போட்டுவிடுகிறோம்" என்று குழுவில் சொல்வார்கள். போதாது. பணம் கொடுக்கிற கை கேட்கும்போது 'விருப்பமில்லை' என்று எழுதுகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? விழாவையும் பணத்தையும் பிரித்துவிடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்கோ நேராகக் கல்லூரிக்கோ போகட்டும். விழாவை உறுப்பினர்களுக்காக நடத்துங்கள்: இத்தனை வசூல், இத்தனை பேர் படிக்கிறார்கள், இன்னின்ன படிப்பு, இத்தனை பேர் முடித்துவிட்டார்கள் என்று பெயர் இல்லாமல் கணக்கு வாசியுங்கள். படித்து முடித்து வேலைக்குப் போய், தானாக வந்து பேசுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை மேடை ஏற்றுங்கள். அந்தப் பேச்சின் தரமே வேறாக இருக்கும்.

போட்டோ இல்லாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்ற கவலை வரும். 1958-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃபால் ரிவர் என்ற ஆலை நகரத்தில், இர்விங் ஃப்ராட்கின் என்ற கண் பரிசோதகர் ஒரு நிதியைத் தொடங்கினார். ஊரில் ஆளுக்கு ஒரு டாலர் போட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிடலாம், இவ்வளவுதான் யோசனை. அதைச் சொல்லிப் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்றவர், தோற்றும்போனார். ஆனால் யோசனையை விடவில்லை. அதுதான் வளர்ந்து இன்று ஸ்காலர்ஷிப் அமெரிக்கா என்ற பெரிய அமைப்பாக இருக்கிறது. ஒரு டாலர் போட்டவர் யாரும் மேடை கேட்டிருக்க மாட்டார். நிறையப் பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு, உங்கள் வசூலும் அந்த வகைதான்.

சரி, மதிப்பெண்ணா கஷ்டமா. இரண்டையும் கூட்டி ஒரே தராசில் வைப்பதால்தான் சண்டை வருகிறது. மதிப்பெண்ணை வாசற்படியாக மட்டும் வையுங்கள்: கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதா, படிப்பைத் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மதிப்பெண் இருக்கிறதா, அவ்வளவுதான். படியைத் தாண்டி உள்ளே வந்தவர்களை வரிசைப்படுத்துவது தேவையை வைத்து. தனி வகுப்புக்குப் போய் 92 எடுத்த பையனையும், சாயங்காலம் கடையில் நின்றுவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்து 78 எடுத்த பெண்ணையும் அந்தப் 14 மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நன்றாகப் படிப்பவருக்குப் பரிசு கொடுக்க ஆசையா, தாராளமாகக் கொடுங்கள். அதற்குத் தனியாக ஒரு பரிசு வையுங்கள், அதற்கு மேடைகூடப் போடலாம்.

தேவையை எப்படி அளப்பது? வருமானச் சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். அது போன வருடத்துக் கதை. இரண்டு மாதம் முன்பு வேலை போன அப்பா அதில் இருக்க மாட்டார். ஒரே வருமானத்தில் மூன்று பேர் சாப்பிடும் வீடும், மாதா மாதம் டயாலிசிஸ் செலவோடு ஆறு பேர் இருக்கும் வீடும் தாளில் ஒன்றுபோலத் தெரியும். தினக்கூலிக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. அதனால் இடைவெளியைக் கேளுங்கள். கட்டணம், விடுதி, போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், புத்தகம், கணினி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு? வீட்டால் முடிந்தது எவ்வளவு? வேறு எங்கேயாவது உதவி கிடைத்திருக்கிறதா? மிச்சம் எவ்வளவு? ஒரு பக்கத்துக்குள் இது முடிந்துவிடும். பிள்ளை சம்பாதித்துக் கொண்டுவந்த பணம் கல்லூரிக்குப் போனதும் நின்றுவிடுமா என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த நஷ்டத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதே இல்லை.

'உங்கள் குடும்பச் சூழ்நிலையை விவரித்துக் கட்டுரை எழுதுக' என்று உங்கள் படிவத்திலும் ஒரு கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன். எடுத்துவிடுங்கள். யார் அதிகம் அழவைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி உதவும். நிஜமாகவே அடிபட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பதில், கல்லூரி நேரம் போக மற்ற நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தம்பியைக் குளிப்பாட்டுவதும் தாத்தாவுக்கு மாத்திரை கொடுப்பதும் அதில் தன்னால் வந்துவிடும், யாரும் அழ வேண்டியதில்லை. விண்ணப்பமே போடாதவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும், போய்க் கேளுங்கள்.

பத்துப் பேருக்குச் சமமாகப் பிரிப்பது பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு பருவத்துக் கட்டணத்தில் பாதியைக்கூடத் தொடாது என்றால், படிப்பு நிற்கிற இடத்தில் அது எதையும் தாங்கிப் பிடிக்காது. முதல் வருடம் நகையை வைத்தோ கடன் வாங்கியோ எப்படியாவது கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய குடும்பத்துக்கு மூச்சு முட்டுவது இரண்டாம் வருடத்தில். ஆளைக் குறையுங்கள், படிப்பு முடியும் வரை கொடுங்கள். ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: மூன்று வருடப் படிப்புக்கு வருடம் மூன்று பேரை எடுத்தால், இரண்டாம் வருடம் ஆறு பேர், மூன்றாம் வருடம் ஒன்பது பேர். முதல் வருடக் கையிருப்பைப் பார்த்து ஐந்து பேரை எடுத்துவிட்டு, மூன்றாம் வருடம் பதினைந்து பேர் முன்னால் கையை விரிக்கும்படி ஆகிவிடக் கூடாது. ஒரு பருவம் தேர்ச்சி குறைந்தால் உடனே நிறுத்தாதீர்கள். கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேளுங்கள், அடுத்த பருவம் வரை பாருங்கள்.

எப்போது கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கல்லூரி திறந்து நான்கு மாதம் கழித்து ஆண்டு விழா வருகிறது என்று வையுங்கள். அதற்குள் அவர்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருப்பார்கள். உங்கள் பணம் வட்டிக்காரரிடம் போய்ச் சேரும். கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுங்கள், கிடைக்காதவர்களுக்கும் சேர்த்து. வெளியில் உதவி கிடைத்தது தெரிந்ததும், தான் தருவதாக இருந்த சலுகையைக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2017-ல் அரசுக் கல்லூரிகள் அப்படிச் செய்வதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அது பெரிய பிரச்சினையாக இருந்தது. கல்லூரிக்குப் பணம் அனுப்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். குழுவில் இருப்பவரின் சொந்தக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால் அவர் அன்று எழுந்து வெளியே போக வேண்டும், இதில் விவாதமே வேண்டாம்.

அப்பா பெயரில் தருகிறேன் என்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வைப்பதில் தப்பில்லை. நிபந்தனையில்தான் கவனம் வேண்டும். 1914-ல் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில், பலர் தரும் பணத்தை ஒன்றாக வைத்து ஊர் நலனுக்குச் செலவிடும் உலகின் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கியதற்குக் காரணமே இந்த மாதிரித் தலைவலிதான். செத்துப்போனவர்கள் உயிலில் எழுதிவைத்த நிபந்தனைக்கு ஆளே இல்லாமல் போய், பணம் யாருக்கும் உதவாமல் முடங்கிக் கிடந்தது. காலம் மாறினால் அந்தக் காலத்தில் இருக்கும் குழு முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் வழிசெய்தார். நீங்களும் அதையே எழுத்தில் வாங்குங்கள்: அவர் சொல்லும் பாடத்துக்கு முன்னுரிமை, அந்த வருடம் அதில் தேவையுள்ள பிள்ளை இல்லையென்றால் தொகை பொது நிதிக்கு வரும். தேர்வுக் குழுவில் எனக்கும் ஓர் இடம் என்றால் மட்டும், அன்பாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இனி போன் செய்ய வேண்டாம். மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் 'ஏன் வரவில்லை' என்ற கேள்விதான் அவளுக்குக் கேட்கும். ஒரு குறுஞ்செய்தி போதும்: "உங்கள் உதவித்தொகை தயாராக இருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம் அனுப்பினால் இந்த வாரமே வந்துவிடும். விழாவுக்கு வராததால் எந்தச் சிக்கலும் இல்லை." கீழே உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும், சங்கத்தின் முத்திரை வேண்டாம். பதில் வர நான்கைந்து நாள் ஆகலாம், பொருளாளரைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த அட்டை. எப்போதாவது அவள் உங்கள் அலுவலகத்துக்கு வர நேரலாம். அதற்குள் அதை மடித்துப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள்.