மலைக்கும் கடற்கரைக்கும் ஒரே எஞ்சின்

அன்புள்ள ஐயா,

என்னிடம் பழைய டொயோட்டா கொரோலா கேஈ 70 ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிய கார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு வேறு கார் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, இதிலேயே 4ஏ-ஜிஈ 20 வால்வு எஞ்சினை ஏற்றினேன். எஞ்சினுக்குள் காற்றை விடும் மூடிகள், அதாவது திராட்டில், நான்கு கொண்ட சில்வர் டாப் வகை. கூடவே வெளியில் ஓர் ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, வாங்கினேன். விற்றவரே ஏதோ ஒரு மேப்பை, எப்போது எவ்வளவு பெற்றோல் என்று சொல்லும் அட்டவணையை, பதிந்து கொடுத்தார். கொழும்பில் கார் பிரமாதமாக ஓடுகிறது. ஊருக்குத் திரும்பினால் மந்தமாகிவிடுகிறது. நானுஓயா ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது, பிளக்குகள் கறுத்துப்போகின்றன. லாப்டாப்பில் பெற்றோலைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். கொழும்பில் முறையாக டியூன் செய்யக் கேட்கும் தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. நான் போட்டிகளுக்குப் போகிறவன் அல்ல. இவ்வளவு செலவு அவசியமா?

ச., தலவாக்கலை

அன்புள்ள ச.,

டியூன் செய்யுங்கள். ஆனால் உடனே வேண்டாம், அதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. அதுவரை யாரும் லாப்டாப்பில் பெற்றோலைக் குறைக்க விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும்தான் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் நுவரெலியாவில் இருக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றும் அதே அளவு குறைகிறது. காற்று குறைந்தால் பெற்றோலும் குறையவேண்டும். உங்கள் ஈசியு அதைக் குறைப்பதாகத் தெரியவில்லை. நான்கு திராட்டில் உள்ள எஞ்சின்களில் உறிஞ்சுகுழாயின் அழுத்தம் சீராக இருக்காது. அதனால் பலர் அழுத்த உணரியை நம்பாமல், திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டை மட்டும் வைத்து எரிபொருள் அட்டவணையை எழுதிவிடுகிறார்கள். அந்த அட்டவணைக்குக் கொழும்பின் கொள்ளுப்பிட்டியும் ஒன்றுதான், நானுஓயாவும் ஒன்றுதான். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதற்கு அச்சாகப் பொருந்துகின்றன.

இப்போது உங்கள் மெக்கானிக் தலவாக்கலையில் வைத்துப் பெற்றோலைக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புகை நின்றுவிடும், இழுவை கூடும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். அடுத்த வாரம் கொழும்புக்கு இறங்குவீர்கள். கித்துல்கலையைத் தாண்டும்போது காற்று மீண்டும் அடர்ந்துவிடும், பெற்றோல் மட்டும் குறைத்த அளவிலேயே இருக்கும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது இந்த எஞ்சினில் ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையில் 12.5 முதல் 13 பங்கு காற்று இருக்கவேண்டும். அது 14ஐத் தாண்டிவிடும். உங்கள் எஞ்சினின் அமுக்க விகிதம் 10.5. அந்த அமுக்கத்தில் மெலிந்த கலவை, தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்துசேரக் காத்திருக்காமல் ஆங்காங்கே தானாக வெடிக்கத் தொடங்கும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் என்னிடம் இரட்டை எஸ்யு கார்பரேட்டர் பூட்டிய மினி ஒன்று இருந்தது. மேலே புகைக்கிறது என்று ஒரு கராஜில் காட்டினேன். கார்பரேட்டர் ஊசிகளை மாற்றிப் பெற்றோலைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஹட்டன் வரை அந்தக் கார் ஓடிய சுகத்தை இன்றும் மறக்கவில்லை. அவிசாவளை கடந்து நேர்ப்பாதையில் வேகமெடுத்தபோது, சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. மேடு வந்தால் கூடியது, காலை எடுத்தால் நின்றது. வீடு போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன். சேரவில்லை. கழற்றிய மூன்றாவது பிஸ்டன் இன்றும் என் புத்தக அலுமாரியில் இருக்கிறது. அதன் தலையில் ஒரு கச்சான் பருப்பு அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் அலுமினியம் மெழுகுபோல வழிந்து உறைந்திருக்கிறது. நகத்தால் தொட்டால் அந்த வழிசல் தெரியும்.

ஆகவே, போட்டிக்குப் போகாதவனுக்கு டியூன் எதற்கு என்று நீங்கள் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓடும் காருக்கு ஓர் உயரம், ஒரு நாள், சில நிமிடங்கள். நீங்களோ ஒரே பயணத்தில் ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறீர்கள். கறுப்புப் பிளக்கோடு இப்படியே ஓட்டிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே எண்ணெயிலும் கலக்கிறது. வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் இது உங்களை மறித்துவிடும்.

பணம் கட்டும் முன் டியூன் செய்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வெளிக்காற்றின் அழுத்தத்தை என் ஈசியு ஓடும்போதே தொடர்ந்து அளக்குமா? சில ஈசியுகள் சாவியைத் திருப்பும்போது ஒருமுறை மட்டும் அளந்துகொள்ளும். அவிசாவளையில் தேநீர் குடித்துவிட்டு நிறுத்தாமல் நுவரெலியா வரை ஏறினால், எஞ்சின் அவிசாவளைக் காற்றை நம்பியே பெற்றோல் ஊற்றும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் இதற்கென்று தனி உணரி பூட்டவேண்டும். கேள்வியைக் கேட்டதும் அவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள். காரை நின்ற இடத்தில் ஓட்டி எஞ்சினின் வலுவை அளக்கும் டைனோவில் அட்டவணை எழுதுவது பாதி வேலைதான், கொழும்பு டைனோவுக்குக் கொழும்புக் காற்று மட்டுமே தெரியும். கலவையில் காற்றும் பெற்றோலும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று காட்டும் வைட்பேண்ட் ஒட்சிசன் உணரியைப் புகைக்குழாயில் விட்டுவைத்து, நீங்கள் ஊருக்கு ஏறும் பயணம் முழுவதையும் பதிவு செய்து அனுப்ப, அதைப் பார்த்து அவர் திருத்தித் தரவேண்டும். அதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். தீப்பொறி நேரத்தை 92 ஒக்டேன் பெற்றோலுக்கே வைக்கச் சொல்லுங்கள். மலையில் 95 எப்போதும் கிடைக்குமென்று நம்பி ஓட்ட முடியாது.

போவதற்கு முன் நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்துவிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் டியூன் பணம் வீண். பெற்றோல் பம்பின் அழுத்தம், உறிஞ்சுகுழாயில் காற்றுக்கசிவு, உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இவற்றையும் பாருங்கள். ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழைந்தால் உணரி பொய் சொல்லும், அந்தப் பொய்யை நம்பியே அட்டவணை எழுதப்படும். எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கேஈ 70 அதன் பழைய சிறிய எஞ்சினுக்கு ஏற்ற பிரேக்குகளோடு வந்த கார். அதே பிரேக்கில்தான் இன்னும் கினிகத்தேனை இறக்கத்தில் வருகிறீர்களா? அப்படியானால் கையில் இருக்கும் முதல் பணம் அதற்குத்தான். டியூன் இன்னும் மூன்று மாதம் பொறுக்கும். அதுவரை மேலே மெதுவாக ஓட்டுங்கள், பிளக்குகளை அடிக்கடி துடையுங்கள், எண்ணெயை வழக்கத்தைவிட முன்கூட்டியே மாற்றுங்கள். என்ன பிரேக் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.