மகளுக்கு அனுப்பிய செய்தி ஏன் பச்சையானது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். சென்ற முறை ஊருக்கு வந்தபோது தன் பழைய ஐபோனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நான் அனுப்பும் செய்திகள் இதுவரை நீலக் குமிழில் இருந்தன. பத்து நாள்களாக அவற்றில் சில பச்சையாகிவிடுகின்றன. பச்சை வந்தால் நம் எண்ணை 'பிளாக்' செய்துவிட்டார்கள் என்று பொருள் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெண். மகளிடமே கேட்கலாம் என்றால் தயக்கமாக இருக்கிறது.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: தயங்காமல் கேளுங்கள் அம்மா. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது தவறு. குமிழின் நிறம் அந்தச் செய்தி எந்த வழியாகப் போனது என்பதை மட்டுமே காட்டுகிறது. எதிரில் இருப்பவரின் மனநிலையை அது காட்டுவதில்லை.

ஐபோனில் உள்ள மெசேஜஸ் செயலி இரண்டு வேலைகளைச் செய்கிறது. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது அதற்கு எஸ்எம்எஸ் மட்டுமே தெரியும். குமிழின் நிறம் அன்றே பச்சைதான். 2011 அக்டோபரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 5ஆம் பதிப்பு வந்தபோது ஐமெசேஜ் என்ற சேவையை ஆப்பிள் அதே செயலிக்குள் சேர்த்து, அதற்கு நீலத்தைக் கொடுத்தது. நீலச் செய்தி இணையத்தின் வழியாக ஆப்பிளின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் மகளின் ஐபோனுக்குப் போகிறது. பச்சைச் செய்தி, எஸ்எம்எஸ்ஸாகவோ அதன் வாரிசான ஆர்சிஎஸ்ஸாகவோ, தொலைபேசி நிறுவனத்தின் ஏற்பாட்டில் போகிறது. அதாவது, பச்சை ஒன்றும் ஆகாத நிறமில்லை. வயதில் மூத்த நிறம், அவ்வளவுதான்.

ஒரு செய்தியை அனுப்பும் நேரத்தில் உங்கள் போனில் டேட்டா தீர்ந்திருந்தாலும், உங்கள் மகளின் போன் இணையத்தில் இல்லாவிட்டாலும், ஐமெசேஜ் போக வழியில்லை. அப்போது ஐபோன், தானாகவே அதை எஸ்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்பிவிடுகிறது. உங்களுக்குச் சில செய்திகள் மட்டுமே பச்சையாவதைப் பார்த்தால் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். எல்லாச் செய்திகளும் பச்சையாகப் போனால், மகள் ஆண்ட்ராய்டு போனுக்கு மாறியிருக்கலாம், அல்லது ஐமெசேஜை அணைத்து வைத்திருக்கலாம்.

ஒருவர் உங்களை உண்மையாகவே பிளாக் செய்திருந்தால், குமிழ் பெரும்பாலும் நீலமாகவே நிற்கும். அதன் கீழே 'டெலிவர்டு' என்ற சொல் மட்டும் வராது. அதையும் சான்றாகக் கொள்ள முடியாது, ஏனெனில் எதிரில் உள்ளவரின் போன் அணைந்திருந்தாலும் அந்தச் சொல் வருவதில்லை. நியூ ஜெர்சியில் நள்ளிரவாக இருக்கும்போது நமக்குக் காலை பத்தரை மணி அல்லது ஒன்பதரை மணி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைவிட உங்கள் பணத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீலச் செய்திக்கு டேட்டா மட்டுமே செலவாகும். அமெரிக்க எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும் பச்சைச் செய்தியோ வெளிநாட்டுச் செய்தி. நம் ரீசார்ஜ் திட்டங்களில் நாளொன்றுக்கு 100 என்று தருகிற இலவச எண்ணிக்கையில் அது பொதுவாகச் சேராது, தனியே கட்டணம் பிடிப்பார்கள். செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதிக்குள் 'சென்ட் ஆஸ் டெக்ஸ்ட் மெசேஜ்' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால், இணையம் இல்லாத நேரத்தில் ஐபோன் தானாக எஸ்எம்எஸ்ஸுக்குத் தாவாது.

உங்கள் மகள் ஆண்ட்ராய்டுக்கு மாறியிருந்தால் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சிம்மை வெளியே எடுக்கும் முன் பழைய ஐபோனில் ஐமெசேஜை அணைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அவருடைய எண் ஆப்பிளின் கணக்கில் ஐபோன் எண்ணாகவே நீடிக்கும். உங்கள் செய்திகள் நீலமாகக் கிளம்பி, புதிய போனைச் சேராமலே போகக்கூடும். ஐபோன் கையில் இல்லாதவர்கள் எண்ணை நீக்கிக்கொள்வதற்கென்றே ஆப்பிள் 2014இல் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தது. உண்மையில், இந்த விஷயத்தில் நாம் சந்தேகப்பட வேண்டியது இப்படி வந்து சேராத நீலத்தைத்தான்.

கேள்வி: பச்சைக் குமிழ்க்காரர் என்றால் அமெரிக்காவில் இளைஞர்கள் ஏளனம் செய்வார்களாமே? ஆப்பிள் இதைத் திட்டமிட்டுத்தான் செய்கிறதா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நிறத்தைப் பிரித்ததில் தவறில்லை. எஸ்எம்எஸ் இலவசமாக இல்லாத காலத்தில், எந்தச் செய்திக்குக் காசு போகும் என்று பயனர் ஒரே பார்வையில் அறிவது அவசியமாக இருந்தது. பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஐமெசேஜில் தெளிவான படங்கள், 'தட்டச்சு செய்கிறார்' என்ற அறிகுறி, குழு வசதிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன; ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒரே ஒரு நண்பர் குழுவில் சேர்ந்தாலும் குழு முழுவதும் பழைய எம்எம்எஸ் முறைக்கு இறங்கி, வீடியோக்கள் மங்கலாகின. வாட்ஸ்அப் பரவலாக இல்லாமல், போனுடன் வந்த செயலியிலேயே எல்லோரும் பேசிக்கொள்ளும் அமெரிக்காவில், குழுவைக் கெடுத்தவர் என்ற பெயர் அந்த நண்பருக்கு வந்தது. நம் ஊரில் இந்தப் பேச்சு எழவே இல்லை. நம் குடும்பக் குழுக்கள் எப்போதோ வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டன.

திட்டமிட்டதா என்ற கேள்விக்கு ஆவணங்களே ஓரளவு பதில் சொல்கின்றன. எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்களிலிருந்து, 2013இலேயே ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எடி கியூ என்ற ஆப்பிளின் மூத்த அதிகாரி வாதிட்டதும், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக்கொடுக்க இருக்கும் தடை அதனால் நீங்கிவிடும் என்று கிரெய்க் ஃபெடரிகி என்ற இன்னொரு மூத்த அதிகாரி மறுத்ததும் தெரியவந்தன. 2022இல் ஒரு மேடையில், தன் தாய்க்கு வீடியோ சரியாக அனுப்ப முடியவில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, தாய்க்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுக்குமாறு ஆப்பிளின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் பதில் சொன்னார். அமெரிக்க நீதித் துறை 2024 மார்ச் 21 அன்று ஆப்பிள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் பச்சைக் குமிழும் ஒரு குற்றச்சாட்டாக இடம்பெற்றது. வழக்கு நடப்பது, முதல் கேள்வியில் வந்த அதே நியூ ஜெர்சியில். அதைத் தள்ளுபடி செய்யுமாறு ஆப்பிள் கேட்டதை நீதிபதி 2025 ஜூனில் மறுத்துவிட்டார்.

இதற்கிடையே 2024 செப்டம்பரில், ஐஓஎஸ் 18 வழியாக, ஆர்சிஎஸ் ஐபோனுக்குள் வந்தது. தொலைபேசி நிறுவனம் அதை ஆதரித்தால், ஆண்ட்ராய்டு நண்பருக்கும் தெளிவான படங்கள் போகும், அவர் படித்தாரா என்பதும் தெரியும். குமிழ் மட்டும் பச்சையாகவே இருக்கிறது. ஆகவே இன்றைய பச்சையில் இரண்டு வகை உண்டு. எது எதுவென்று அறிய, எழுதும் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் 'டெக்ஸ்ட் மெசேஜ்' என்பதன் பக்கத்தில் ஆர்சிஎஸ் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என் தனிப்பட்ட மனக்குறை வேறு. 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து அந்தப் பச்சை மிகவும் பளிச்சென்று இருக்கிறது. அதன்மேல் வெள்ளை எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை. இந்தப் பச்சை அதில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டுகிறது. கண்ணாடி போட்டவர்கள் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் 'இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட்' என்பதை இயக்கினால், பச்சை சற்று அடர்ந்து எழுத்து தெளியும்.

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனிலும் குமிழ்கள் ஒரே நிறத்தில் இல்லையே?
– கடைக்காரர், மதுரை

பதில்: கூகுள் மெசேஜஸ் செயலியில் அடர்ந்த சாயல் ஆர்சிஎஸ்ஸையும் வெளிறிய சாயல் எஸ்எம்எஸ்ஸையும் குறிக்கும். நிறத்தை மாற்றிக்கொள்ள வசதி இருப்பதால், நிறத்தின் பெயரை விட்டுவிட்டு அடர்த்தியைப் பாருங்கள். பூட்டுச் சின்னம் தெரிந்தால் செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது, இடையில் எவரும் படிக்க இயலாது. எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு எந்தப் போனிலும் கிடையாது. வாட்ஸ்அப்பின் பச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே பார்க்க வேண்டியது செய்தியின் ஓரத்தில் வரும் டிக் குறிகளை மட்டுமே.

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ் ஆகிறது, அதே நீளத்தில் தமிழில் எழுதினால் மூன்று கழிகிறது. தமிழுக்கு ஏன் இந்தத் தண்டனை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அதில் அடங்குகின்றன. தமிழுக்கு யூனிகோட் முறையில் ஒரு குறிக்கு 16 பிட் வேண்டியிருப்பதால் 70 குறிகள்தான் அடங்கும். குறி என்று சொல்கிறேன், எழுத்து என்று சொல்லவில்லை. 'வணக்கம்' என்பதில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து; மெய்யெழுத்தின் புள்ளிகளும் தனித்தனிக் குறிகள் என்பதால் போன் எண்ணுவது ஏழு. செய்தி 70ஐத் தாண்டி உடைந்துவிட்டால், துண்டுகளை மீண்டும் ஒட்டுவதற்கான தகவலுக்கும் இடம் விட வேண்டும். அப்போது ஒரு துண்டுக்கு 67தான். நீளமான ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும், செய்தி முழுவதும் இந்தக் கணக்குக்கு மாறிவிடும். ஒரு சிரிப்பு முகத்தைச் சேர்த்தாலும் அதே கதிதான். ஆக, தமிழுக்கு மட்டும் விதித்த தண்டனை என்று சொல்ல முடியாது. நீலத்திலும் ஆர்சிஎஸ்ஸிலும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தாராளமாகத் தமிழில் எழுதுங்கள்.

கேள்வி: ஐமெசேஜில் வருகிற செய்தி என்றால் நம்பலாம்தானே? அஞ்சல் துறையிலிருந்து பார்சல் பற்றி ஒன்று வந்திருக்கிறது.
– வாசகர், சென்னை

பதில்: நம்ப வேண்டாம். நீலமும் பச்சையும் நீங்கள் அனுப்பும் செய்திகளுக்குத்தான். உங்களுக்கு வருகிறவை எந்த வழியாக வந்தாலும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆப்பிள் கணக்கைத் தொடங்கி ஐமெசேஜ் அனுப்ப முடியும். 2024இல் இந்திய அஞ்சல் துறையின் பெயரைச் சொல்லி, பார்சல் கிடங்கில் காத்திருக்கிறது, முகவரியைச் சரிசெய்யுங்கள் என்று ஐபோன்களுக்கு வந்த மோசடிச் செய்திகள் இந்த வகைதான். அனுப்பியவரின் பெயரைத் தட்டிப் பாருங்கள்; ஏதோவொரு மின்னஞ்சல் முகவரியோ வெளிநாட்டு எண்ணோ இருந்தால் அது மோசடிதான், சந்தேகத்துக்கே இடமில்லை. முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பை ஐபோன் முதலில் திறக்க விடாது என்பதால், 'ஒய் என்று பதில் அனுப்புங்கள்' என்று அந்தச் செய்தியிலேயே கேட்பார்கள். பதில் போனதும் இணைப்பு உயிர்பெற்றுவிடும். பதில் எழுதாமல், செய்தியின் கீழே உள்ள 'ரிப்போர்ட் ஜங்க்' என்பதைத் தட்டி அழித்துவிடுங்கள். ஏற்கெனவே அட்டை விவரத்தைக் கொடுத்துவிட்டிருந்தால், வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்கிவிட்டு, தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.